95 ரூபாய் சொல்லிக் கொடுத்த பாடம்

கடையில் கார்டைச் செருகுகிறோம், ரகசிய எண்ணை அழுத்துகிறோம், ரசீது வந்துவிடுகிறது. இதற்கு நடுவில் கார்டில் உள்ள சிப்பும் மெஷினும் என்னதான் பேசிக்கொள்கின்றன? அந்தப் பேச்சைப் படித்துக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதில் நான் பட்ட பாட்டைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து 1990களில் வகுத்த விதிமுறைக்கு, அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'இஎம்வி' என்று பெயர். இதன்படி ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று பகுதிகள்: டேக், லெங்த், வேல்யூ. எங்கப்பா வேலை பார்க்கிற மண்டிக்கு வரும் மூட்டை மாதிரிதான். முதலில் என்ன சரக்கு என்ற சீட்டு, அடுத்து எத்தனை கிலோ, அப்புறம் சரக்கு.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். எல்லாம் ஹெக்ஸா எண்கள்.

9எஃப் 02 06 00 00 00 00 95 00
5எஃப் 2ஏ 02 03 56
95 05 00 00 00 80 00

முதல் வரி தொகை. 9எஃப் 02 என்பது டேக், 06 என்பது நீளம். அடுத்த ஆறு பைட்டில் 9500 பைசா, அதாவது 95 ரூபாய். இரண்டாவது வரி நாணயம். 356 என்றால் இந்திய ரூபாய். மூன்றாவது, மெஷின் செய்த சோதனைகளின் முடிவு. அதிலுள்ள 80, வங்கியைக் கேட்காமல் அனுமதிக்கும் வரம்பைத் தொகை தாண்டிவிட்டது என்கிறது.

நான் வரி பிரித்துக் காட்டினேன். நிஜத்தில் எல்லாம் ஒரே சரமாக வரும். அப்படியானால் டேக் எங்கே முடிகிறது?

முதல் பைட்டின் கடைசி ஐந்து பிட்டும் 1 என்றால் அடுத்த பைட்டும் டேக்கைச் சேர்ந்தது. 9எஃப் என்பது 1001 1111. அதனால்தான் 02-ம் சேர்கிறது. அந்த இரண்டாவது பைட்டின் முதல் பிட் 1 என்றால் இன்னும் ஒரு பைட் உண்டு. 0 என்றால் முடிந்தது. டிஎஃப் 81 29 என்று மூன்று பைட் டேக்கும் இருக்கிறது. 95 என்பது 1001 0101. கடைசி ஐந்தும் 1 இல்லை, ஆகவே ஒரே பைட்.

நீளத்துக்கும் இதுபோல ஒரு கணக்கு. 127 வரை ஒரே பைட். அதற்கு மேல் போனால் 81 பி3 என்று வரும். 81 என்றால் "நீளம் அடுத்த ஒரு பைட்டில் இருக்கு" என்று பொருள். பி3 என்பது 179.

இதையெல்லாம் படித்தும் நான் சோம்பேறித்தனமாக, சோதனை முடிவு வேண்டுமென்றால் சரத்தில் 95-ஐத் தேடு என்று எழுதிவிட்டேன். 100 ரூபாய், 250 ரூபாய் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. சார் 95 ரூபாய் போட்டார். அவ்வளவுதான்! புரோகிராம் தொகைக்குள் இருந்த 95-ஐ டேக் என்று பிடித்துக்கொண்டது. அடுத்த 00-ஐ நீளமாக எடுத்து, "முடிவு எதுவும் இல்லை" என்றது. வரம்பு தாண்டிய செய்தியே காணாமல் போய்விட்டது.

"தேடாதேப்பா, முதல்லேர்ந்து எண்ணிக்கிட்டே போ" என்றார் சார்.

அதன்படி மாற்றினேன். டேக்கைப் படி, நீளத்தைப் படி, அத்தனை பைட் தாண்டு, அடுத்த டேக். தெரியாத டேக் வந்தாலும் பயமில்லை, நீளம் தெரிந்தால் தாண்டிவிடலாம். சொன்ன நீளத்துக்கு மீதிச் சரம் போதவில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும், ஊகிக்கக் கூடாது.

இது அடுத்தவங்க பணம். நாலு தடவை சரியா வந்ததே என்று விட்டுவிடாதீர்கள் நண்பர்களே. ஐந்தாவதாக ஒருவர் 95 ரூபாய்க்குச் சாமான் வாங்க வருவார்!