கிறுக்கட்டும், விடுங்கள்!

போன மாதம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நாலாம் நாளே கூடத்துச் சுவர் பூராவும் கலர் பென்சில் கோடுகள்! எல்லாம் என் ஏழு வயது மகனின் கைவரிசை. "படிக்கிற பிள்ளைக்கு இதென்னடா கிறுக்கல்?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அன்றோடு பென்சிலைத் தூக்கிப் போட்டவன்தான். அப்புறம் படமே வரையவில்லை. சுவர் சுத்தமாக இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லக்ஷ்மணைப் பற்றிப் படித்தேன்.

1921-ல் மைசூரில் பிறந்தவர். எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் தம்பி; வீட்டுக்குக் கடைக்குட்டி. எழுதப் படிக்கத் தெரியும் முன்பே ஆங்கிலப் பத்திரிகைப் படங்களில் மூழ்கிவிடுவாராம். தரை, சுவர், கதவு எதையும் விட்டுவைக்கவில்லை. (நம் வீட்டுக் கதைதான்!) பள்ளியில் ஒருநாள் அரச இலை வரைந்தார். ஆசிரியர் பாராட்டினார். 'நானும் ஓவியன்தான்' என்ற நம்பிக்கை அன்றே வந்துவிட்டது.

பிரிட்டிஷ் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ அவருக்கு மானசீக குரு. அந்த 'லோ'வின் கையெழுத்தை, ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் 'கௌ' என்று வெகுநாள் தப்பாகப் படித்தாராம்! மற்றதெல்லாம் ஜன்னல் கற்றுக்கொடுத்த பாடம்: காய்ந்த குச்சி, இலை, விறகு பிளக்கும் ஆள், கூரைமேல் காகம். காகம் என்றால் அவருக்குக் கடைசிவரை கொள்ளை ஆசை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளிக்கு மனுப் போட்டார். போதிய திறமை இல்லை என்று பதில் வந்தது. மனுஷர் சோர்ந்துபோகவில்லை. மைசூரிலேயே பி. ஏ. படித்துக்கொண்டு, அண்ணாவின் கதைகளுக்குப் படம் போட்டார். பிறகு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில், 1951-ல், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக, வாய் திறவாத அந்தக் 'காமன் மேன்' பிறந்தார். 1954-ல் ஏஷியன் பெயின்ட்ஸுக்காகக் கையில் பிரஷ்ஷோடு நிற்கும் 'கட்டு' பையனையும் வரைந்தார். சுவரில் கிறுக்கியவர் பெயின்ட் கம்பெனிக்கே படம் போட்டதைப் பாருங்கள்! 1984-ல் மகசேசே விருது, 2005-ல் பத்ம விபூஷண். 2015-ல் காலமானார்.

படித்து முடித்ததும் பழைய காலண்டர் தாள்களை வெட்டி, நோட்டாகத் தைத்து மகனிடம் நீட்டினேன். "அடிக்க மாட்டியேம்மா?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் படம் காகம், கால் மூன்று! "மொட்டை மாடியில் காக்கா உட்கார்ந்திருக்கு. போய் எண்ணிப் பார்த்துட்டு வா" என்றேன். ஓடினான்.

சகோதரிகளே, "இதென்ன கிறுக்கல்?" என்று கேட்காமல், "இதை எங்கேடா பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்களேன். சுவருக்கென்ன, அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டால் போச்சு!