நடுங்கும் கைக்கு ஏற்ற கருவி

முதியோர் வாழும் இல்லங்கள் பலவற்றில் தாத்தாவின் வங்கிக் கடவுச்சொல் பேரனிடம் இருக்கிறது; பாட்டி தம் தங்கைக்கு அனுப்பும் கடிதத்தை மருமகள் தட்டச்சுச் செய்கிறாள். காரணம் வினவினால், “கை நடுங்குகிறது சுவாமி, மௌஸைப் பிடிக்க முடியவில்லை” என்பர். உதவுதல் நன்றே. ஆயினும் தம் பணத்தையும் தம் எழுத்தையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்ட முதியவர், தம் சொந்த இல்லத்திலேயே விருந்தினர் போலாகிவிடுகிறார். நடுக்கத்தை முற்றிலும் போக்க இயலாவிடினும், நடுங்கும் கைக்கு இணங்கிவரும் கருவியைத் தேர்ந்துகொள்ள இயலும். அதனைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

நடுக்கம் ஒரே வகையன்று

முதற்கண் அறிய வேண்டுவது, கை எப்பொழுது நடுங்குகிறது என்பதே. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்து எழுதிய நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நோயில், கை சும்மா இருக்கும்போதே நடுக்கம் மிகுதி. ஒன்றை எடுக்கக் கையை நீட்டினால் பெரும்பாலும் அது தணியும். அவர்களுக்குப் பெரிய இடர் அசைவின் மந்தமே. விரல் விசையைவிட்டு எழத் தாமதிப்பதால் ஒரே எழுத்து நான்கு முறை விழுந்துவிடும்.

‘எசென்ஷியல் டிரெமர்’ எனப்படும் நடுக்கம் இதற்கு மாறானது. பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது இது. ஓய்ந்திருக்கும் கையில் அடங்கியிருந்து, வேலை தொடங்கியதும் தலைகாட்டும். காப்பித் தம்ளரைத் தூக்கும்போது சிந்துவது இதனாலேயே. சிறுமூளைக் கோளாற்றால் வரும் நடுக்கமோ, குறியை நெருங்க நெருங்க வலுக்கும். தைராய்டு சுரப்பு மிகுவதாலும் சில மருந்துகளாலும்கூட நடுக்கம் தோன்றலாம். ஆகவே புதிதாக நடுக்கம் கண்டவர் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்வதே முறை.

செலவில்லா மாற்றங்கள்

கருவி வாங்குமுன், இருக்கும் கருவியைத் திருத்திக்கொள்ளலாம். முழங்கையும் முன்கையும் மேசைமீதோ நாற்காலிக் கைப்பிடிமீதோ நன்கு ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் தூக்கிய கை பலருக்கு மேலும் ஆடும். எதிரே நிமிர்ந்து நிற்கும் தொடுதிரை பலருக்கு ஒத்துவராமைக்குக் காரணம் இதுவே.

அடுத்து, கணினியின் அமைப்புகளைக் காண்க. அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து, அதன் உருவைப் பெரிதாக்கலாம். இரட்டைச் சொடுக்குக்கு உரிய இடைவெளியை நீட்டலாம். ஒற்றைச் சொடுக்கிலேயே கோப்பு திறக்குமாறும் செய்யலாம். விண்டோஸ் கணினியில் ‘ஃபில்டர் கீஸ்’ என்னும் வசதி, தவறி மீண்டும் மீண்டும் விழும் எழுத்துகளைப் புறக்கணிக்கும். ‘ஸ்டிக்கி கீஸ்’ இரு விசைகளை ஒருங்கே அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவும். ‘மௌஸ் கீஸ்’ எண் விசைகளைக் கொண்டே அம்புக்குறியை நகர்த்தும். இவை யாவும் இலவசமே.

மௌஸா, உருள்பந்தா?

மௌஸைப் பிடித்த கை இரு வேலைகளை ஒருங்கே செய்தாக வேண்டும்: அம்புக்குறியை அசையாமல் நிறுத்தவும் வேண்டும், விரலால் அழுத்தவும் வேண்டும். நடுங்கும் கைக்கு இடர்ப்பாடு இங்கேதான். டிராக்பால் என்னும் உருள்பந்துக் கருவி இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. கருவி மேசைமீது அசையாமல் இருக்க, பந்து மட்டுமே உருளும். பந்தை உருட்டிக் குறியை அடைந்தபின், விரலைப் பந்தினின்று எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தலாம். இது புதுமையும் அன்று. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் முதல் மௌஸ் 1964-இல் உருவானது. அதற்கும் முன்பே, 1952-இல், கனடா நாட்டுக் கடற்படைக்கெனச் செய்த கருவியொன்றில் விளையாட்டுப் பந்தையே உருள்பந்தாக வைத்திருந்தனர்.

வாங்குவோர் பெரிய பந்துள்ளதையே நாடுக. கட்டைவிரலால் உருட்டும் சிறு பந்து நடுங்கும் விரலுக்குக் கடினம். ஓய்விலும் நடுங்கும் கையைப் பந்தின்மீது வைத்திருந்தால் அம்புக்குறியும் உடன் ஆடும் என்பதை மறத்தலாகாது. மௌஸையே விரும்புவோர்க்கு, நடுக்கத்தை வடிகட்டி அம்புக்குறியை நிலைப்படுத்தும் ‘ஸ்டெடிமௌஸ்’ போன்ற மென்பொருள்கள் உள.

எழுதுவதற்கு

விசைப்பலகைமேல் பொருத்தும் துளைத்தகடு ஒன்றுண்டு. கையைத் தகட்டின்மீதே ஊன்றிக்கொண்டு, வேண்டிய துளையில் மட்டும் விரலை இறக்கலாம். அண்டை விசைகள் அழுந்தா. தமிழில் எழுதுவோர்க்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசையமைப்பு நற்றுணை. உயிரும் மெய்யுமான தமிழ் எழுத்துகளுக்கு அதில் ஷிஃப்ட் விசை வேண்டுவதில்லை. ஆனால் ‘க்க’ என எழுத ஒரே விசையை இருமுறை அழுத்த வேண்டுமாதலால், ‘ஃபில்டர் கீஸ்’ வைத்திருப்போர் இரு அழுத்தங்களுக்கிடையே சற்றுப் பொறுக்க வேண்டும்.

வாயால் சொல்லி எழுதச் செய்வதும் இன்று இயலும். எனினும் பார்க்கின்சன் நோயில் குரல் தாழ்வதுண்டு. மற்ற நடுக்கத்தில் குரலும் நடுங்குவதுண்டு. கடவுச்சொல்லை உரக்கச் சொல்லுதல் எவர்க்கும் தகாது.

தேர்வு யாருடையது?

தேர்ந்தெடுக்க வேண்டியவர் பிள்ளைகள் அல்லர், பயன்படுத்தப் போகிறவரே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒரு வாரமேனும் பழகிப் பார்க்கட்டும். காலையிலும், களைத்த மாலையிலும், மருந்துண்பதற்கு முன்னும் பின்னும் ஒரே பத்தியை எழுதிப் பிழைகளை எண்ணிப் பார்க்கட்டும். வேகம் பொருட்டன்று. முடிந்தால் வாங்குமுன் ஒருமுறை இரவல் பெற்றுப் பழகுதல் நலம். விலை உயர்ந்ததே உகந்தது என்னும் நியதி இல்லை.

வீட்டாருக்கு ஒரு சொல். பதற்றம் நடுக்கத்தை வளர்க்கும். தந்தை தட்டச்சுச் செய்கையில் பின்னே நின்று, “தாருங்கள், நான் செய்கிறேன்” என்று கையை விலக்காதீர்கள். அவர் அழைக்கும்வரை அடுத்த அறையில் இருங்கள். ஒரு கடிதத்துக்கு அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அது அவரே எழுதிய கடிதமாக இருக்கும்.