அமெரிக்கக் கால்பந்தின் முன்வரிசை வீரர்: மைக் வெப்ஸ்டர் வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

கால்பந்து என்னும் சொல் நமக்கு உணர்த்தும் ஆட்டம் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டினர்க்கு உணர்த்தும் ஆட்டம் பிறிதொன்று. அவர்தம் ஆட்டத்தில் பந்து முட்டை வடிவினது. அதனைக் காலால் உதைப்பதினும் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே மிகுதி. அணிக்குப் பதினொருவர். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜத் தொலைவு முன்னேறுதல் வேண்டும். தலையில் கவசமும் தோளில் திண்டும் அணிந்து ஆடும் இவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்ட மாணவர் சிலர், 'மோதி விழுவதன்றி இதில் என்ன உள்ளது?' என்று நம்மை வினவியதுண்டு. அவர்கள் ஏளனமாகக் கேட்ட வினாவே நம்மைச் சிந்திக்க வைத்தது. மோதி விழுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட வீரர் அவ்வாட்டத்தில் உளர்.

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவில் நிற்பவர் 'சென்டர்'. அவர்க்கு இருமருங்கும் 'கார்டு' எனப்படுவோர் இருவர். அவர்க்கும் அப்பால் 'டேக்கிள்' எனப்படுவோர் இருவர். சென்டர் குனிந்து, தரையிலுள்ள பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னோக்கிக் கொடுத்தவுடன் ஆட்டம் தொடங்கும். அதனைப் பெறுபவர் 'குவார்ட்டர்பேக்'. அணியை நடத்திச் செல்பவர் அவரே. அவரை வீழ்த்த எதிரணியினர் பாய்ந்து வருவர். அப்பாய்ச்சலைத் தம் உடலால் தாங்கி நிறுத்துவதே முன்வரிசையினர் ஐவரின் பணி. எறியப்பட்ட பந்தைப் பிடிக்கவும் பொதுவாக விதி அவர்க்கு இடந்தருவதில்லை.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியப் புறத்திணையியல் நினைவிற்கு வருதல் இயல்பு. பகைவர் மொய்த்துக்கொண்ட வேந்தனைக் காக்க ஒருவன் மீண்டுவந்து பொருதலைத் தும்பைத் திணையில் 'தார்நிலை' என்று தனித்துறையாக வகுத்துள்ளார் ஆசிரியர். அமெரிக்க ஆட்டத்தின் கணக்கேட்டிலோ அத்தகையோனுக்கென ஒரு பத்தி இல்லை. ஓடியவர்க்குக் கெஜக் கணக்கு உண்டு; எறிந்தவர்க்கும் பிடித்தவர்க்கும் எண்ணிக்கை உண்டு. தாங்கியவர்க்கு நெடுங்காலம் எழுதப்பட்டவை, அவர் ஆடிய ஆட்டங்களின் தொகையும், விதி மீறியமைக்காகப் பெற்ற தண்டனையுமே. எண்ணப்படாத இவ்வுழைப்பின் உள்ளே எண்ணப்படாத காயமும் இருந்தது என்பதை உலகிற்கு உணர்த்தியவர் மைக் வெப்ஸ்டர்.

அவர் 1952 ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர் குடும்பத்தினர். விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் ஆடிய அவரை, 1974 இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஐந்தாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர்க்கு முன் 124 பேர் தெரிவாகிவிட்டனர் என்பது கருதத்தக்கது. சென்டர் நிலைக்கு அவர் உருவம் சிறிது என்று கருதப்பட்டதே காரணம். பின்னாளில் அவரது எடை ஏறத்தாழ 116 கிலோ. இக்காலத்தில் அந்நிலையில் ஆடுவோர் 135 கிலோவைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. குறையை உழைப்பால் ஈடுசெய்தார். கடுங்குளிரிலும் கைச்சட்டையை மேலே சுருட்டி, வெறுங்கையுடன் களத்தில் நிற்பார். 'இரும்பு மைக்' என்பது மக்கள் இட்ட பெயர். அவர் முன்னின்ற காலத்தில் ஸ்டீலர்ஸ் அணி நான்கு முறை சூப்பர் பவுல் வென்றது. அவ்வணிக்காக 15 பருவங்கள் 220 ஆட்டங்கள் ஆடினார்; பின்னர்க் கன்சாஸ் நகர அணியில் இரு பருவங்கள். பதினேழு பருவங்கள் இத்தொழிலில் நிலைத்தல் அரிதினும் அரிது.

அக்காலத்து விதி ஒன்றை இங்குச் சுட்டுதல் வேண்டும். 1978 வரை முன்வரிசையினர் எதிரியைத் தடுக்கும்போது கைகளை முழுதும் நீட்டித் தள்ளுதல் கூடாது. கைகள் மார்பளவில் ஒடுங்கியிருக்க, தலையும் தோளுமே முந்திச் சென்று மோதும். எதிரணியினரோ தடுப்பவர் தலைக்கவசத்தின்மேல் அறைந்து நிலைகுலையச் செய்வர். அவ்வழக்கம் 1977 இல்தான் விலக்கப்பட்டது. பயிற்சிக் களத்திலும் இம்மோதலே நாள்தோறும் நிகழும். கவசம் மண்டையோட்டைக் காக்கும். ஆனால் மண்டையோட்டினுள் நீரில் மிதக்கும் மூளை குலுங்குவதைத் தடுக்க அதனால் இயலாது. மயங்கி விழுந்தால் மருத்துவர் வருவர். மயங்காத சிறு குலுக்கலை யார் எண்ணுவர்? ஓட்டக்காரர் ஆட்டத்தில் சிற்சில முறை வீழ்த்தப்படுவர்; முன்வரிசையினர்க்கோ ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியும் ஒரு மோதல்.

1991 இல் ஓய்வு பெற்ற வெப்ஸ்டர் சில ஆண்டுகளில் வேறு மனிதரானார். நினைவு தடுமாறியது, பொருளெல்லாம் கரைந்தது, குடும்பம் பிரிந்தது. சரக்கு வண்டி ஒன்றில் படுத்துறங்கிய நாள்களும் உண்டு. உடல் வலி தாளாது, மின்னதிர்ச்சிக் கருவியைத் தம் உடலில் தாமே செலுத்தி உறக்கத்தை வரவழைத்தார்; விழுந்த பற்களைப் பசையிட்டு ஒட்டிக்கொண்டார். 1997 இல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்ட விழாவில், பழைய தோழரான குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷா ஒரு பந்தைக் கொண்டுவரச் செய்து, மேடையிலேயே வெப்ஸ்டர் குனிந்து கொடுக்க அதனைப் பெற்றுக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மேடையில் நின்றவர் எத்தகைய இருளில் வாழ்ந்தார் என்பதைக் கூடியிருந்தோரில் மிகச் சிலரே அறிவர்.

2002 செப்டம்பர் 24 அன்று தம் ஐம்பதாம் வயதில் மாரடைப்பால் அவர் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் உடற்கூறாய்வு மருத்துவராக இருந்த, நைஜீரியாவில் பிறந்த பென்னெட் ஒமாலுவிடம் அவ்வுடல் வந்தது. வெளித்தோற்றத்தில் மூளை இயல்பாகவே இருந்தது. அத்துடன் விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. நுண்ணோக்கியில் கண்டபோது 'டாவ்' என்னும் புரதம் திரண்டு படிந்திருந்தது. குத்துச்சண்டை வீரர்க்கு அடிபட்டு அடிபட்டு அறிவு தடுமாறும் நிலையை மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928 இலேயே விளக்கியிருந்தார். தொழில்முறைக் கால்பந்து வீரரின் மூளையில் அத்தகு நோயைக் கண்டு ஒமாலுவும் அவருடன் ஆய்ந்தோரும் 2005 இல் வெளியிட்டனர். சி.டி.இ. எனச் சுருக்கமாகக் குறிக்கப்பெறும் அந்நோயை இன்றும் இறப்பிற்குப் பின்னரே உறுதிசெய்ய இயலும்.

தேசியக் கால்பந்துக் கழகத்தின் மூளைக்காயக் குழுவைச் சார்ந்த மூவர், அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு இதழுக்கு எழுதினர். நம்மை வருத்துவது இம்மறுப்பு மட்டுமன்று. வீரர்க்கான ஓய்வூதிய வாரியம், வெப்ஸ்டரின் இயலாமைக்கு ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளே காரணம் என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1999 இல், ஏற்றிருந்தது! ஒரு கை கொடுத்த சான்றை மறு கை மறைத்தது. இயலாமை எந்த ஆண்டில் தொடங்கியது என்னும் வழக்கில் நீதிமன்றம் குடும்பத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வெப்ஸ்டர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நோய்க்கும் ஆட்டத்திற்கும் தொடர்பு உண்டு எனக் கழகத்தின் உயர் அலுவலர் ஒருவர் நாடாளுமன்றக் குழுவின்முன் ஒப்பியது 2016 இல். முன்னாள் வீரர் தொடுத்த வழக்கின் உடன்பாட்டின்படி இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டுள்ளது.

2017 சூலை 25 அன்று வெளிவந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், தேசியக் கழக வீரராயிருந்த 111 பேரின் மூளைகளுள் 110 இல் இந்நோய் காணப்பட்டது. நோயின் ஐயம் தோன்றிய குடும்பத்தாரே பெரிதும் மூளையைக் கொடையளித்தனராதலின், ஆடியோர் அனைவர்க்கும் இவ்விகிதம் பொருந்தும் என்று கொள்ளுதல் பிழை. இதனை ஆய்வாளரே தெளிவுறுத்தியுள்ளனர்.

ஆய்வு வெளிவந்த இரண்டாம் நாள், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் முன்வரிசை வீரர் ஜான் உர்ஷல் தம் 26 ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். வெப்ஸ்டரைப் போன்றே ஐந்தாம் சுற்றில், 2014 இல், தேர்ந்தெடுக்கப்பட்டவர். கார்டாகவும் சென்டராகவும் மூன்று பருவங்கள் ஆடியவர். கணிதத்தில் முதுகலை பயின்ற அவர், ஆடிய காலத்திலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார், எம்.ஐ.டி. நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்விலும் சேர்ந்தார். 2015 இல் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு, உயர்கணிதம் சில காலம் தமக்குப் பிடிபடாமற் போனதை அவரே கூறியுள்ளார். ஓய்வையும் ஆய்வையும் பலர் முடிச்சிட்டனர். எனினும் அம்முடிவை ஒரே காரணத்தில் அடக்குதல் பொருந்தாது. 2021 இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர் அதே நிறுவனத்தின் கணிதத் துறையில் உதவிப் பேராசிரியரானார்.