புள்ளி வண்டும் அம்பு விஷமும்

பூசணிக் கொடியின் இலை சல்லடையாகும் வரையில் இலைதின்னி வண்டுகளை நாம் நினைப்பதே இல்லை. ஆப்பிரிக்காவின் தென் பகுதியிலுள்ள கலஹாரியில், ஸான் என்னும் பழங்குடியினருக்கோ இவ்வினத்து வண்டு ஒன்று தலைமுறை தலைமுறையாக உணவு தேடித் தந்திருக்கிறது.

டயம்பிடியா என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளம். மஞ்சள் மேனியில் கறுப்புப் புள்ளிகள். நம் வீட்டுப் பிள்ளைகள் கண்டால் பொன்வண்டைப் போல் தீப்பெட்டியில் அடைத்துவிடுவார்கள்! வெள்ளைப்போளம் தரும் மரத்துக்கு உறவான ஒரு புதரே அதற்கு வீடும் உணவும். தாய் வண்டு முட்டைகளைத் தன் மலத்தால் மூடி வைக்கும். புழுவும் தன் கழிவையே முதுகில் சுமந்து திரியும். வளர்ந்ததும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, மண்ணாலேயே கூடு கட்டிக்கொண்டு, சில சமயம் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

வேடர் நாடுவது இந்தக் கூட்டைத்தான். புதரின் அடியைத் தோண்டி எடுத்து, வேண்டும்போது உடைத்துப் புழுவைப் பிசைந்து, அதன் சாற்றை அம்பில் தடவுகின்றனர். நுனியில் தடவுவதில்லை, அதற்குச் சற்றுப் பின்னால்தான். கை தவறிக் கீறினால் வேடனே மாள வேண்டியதாகுமன்றோ? இவ்விஷம் ஒரு வகைப் புரதம். இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைப்பது. ஆனால் மெதுவாகவே கொல்லும். அடிபட்ட மானின் சுவட்டைப் பல மணி நேரம் தொடர வேண்டும். ஒட்டகச்சிவிங்கியானால் நாட்கணக்கில் நடக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் இவ்விஷம் தீங்கு செய்யாது. ஆகவே இறைச்சியை அச்சமின்றி உண்கின்றனர்.

இத்தனை கொடிய புழுவுக்கும் ஒரு யமன் உண்டு. லெபிஸ்டினா என்னும் வேறொரு வண்டின் குஞ்சு, கூட்டிலிருக்கும் புழுவைப் பற்றிக்கொண்டு தின்றே வளர்கிறது. வளர்ந்த பின் அதன் நிறமும் தான் தின்ற வண்டின் நிறத்தையே ஒத்திருக்கும்.

2014இல் போட்ஸ்வானா அரசு வேட்டைக்குத் தடை விதித்தது, 2019இல் நீக்கியது. இடைப்பட்ட காலத்தில், தனியார் பண்ணைகளில் பணம் கொடுத்துச் சுடுவோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. வயிற்றுக்காக வில்லெடுப்பவனைத் தடுத்து, வேடிக்கைக்காகத் துப்பாக்கி எடுப்பவனுக்கு வழிவிட்ட அந்த நீதி நமக்கு விளங்கவில்லை. நமீபியாவின் வடகிழக்கில் ஸான் மக்களில் ஒரு பிரிவினர்க்கு வில்வேட்டை உரிமை இருக்கிறது. அங்கே புதரடியைத் தோண்டிக் கூடெடுக்கும் வழக்கம் இன்னும் நின்றுவிடவில்லை.