விரலால் அடைத்த சிறுவனும் படகால் அடைத்த மாலுமியும்

ஞாயிறு பள்ளியில் பயின்ற பலருக்கும் அந்தக் கதை தெரியும். ஹாலந்து தேசத்துச் சிறுவன் ஒருவன் கடல்நீரைத் தடுக்கும் கரையில் சிறு துளையைக் காண்கிறான். அதில் விரலை வைத்து அடைத்தபடி, குளிரில் விறைத்து, விடியும்வரை நின்று தன் ஊரைக் காப்பாற்றுகிறான். பிரசங்கங்களில் இதை நடந்த சம்பவமாகவே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் இது மேரி மேப்ஸ் டாட்ஜ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1865-ல் வெளியிட்ட நாவலில் வரும் கற்பனைக் கதை. அச்சிறுவனைத் தேடி வரும் பயணிகளுக்காகவே ஸ்பார்ன்டாம் என்னும் ஊரில் 1950-ல் சிலையும் வைத்தார்கள்!

அன்பான வாசகர்களே, கதை பொய்த்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். அந்த நாட்டின் வயல்வெளிகளில் ஒருநாள் நடந்து பார்ப்பவருக்கு அதைவிட மேலான மெய்ச்சம்பவம் ஒன்று காத்திருக்கிறது.

ராட்டர்டாம் நகருக்குக் கிழக்கே, லெக், நோர்ட் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் உள்ளது கிண்டர்டைக் கிராமம். நடையை இங்கே தொடங்கலாம். மேடு பள்ளம் இல்லை. முதியோரும் பிள்ளைகளும் இளைப்பின்றி நடக்கலாம். பாதையின் இருபுறமும் கால்வாய்கள், நாணற்புதர்கள், அவற்றினூடே நாரைகள். கரைநெடுக 19 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 1738-லும் 1740-லும் கட்டப்பட்டவை. 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சன்னல்களில் திரைச்சீலைகளும் கொடியில் உலரும் துணிகளும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணிகளைக் காண்பது அரிது. ஓய்வுநாளைக் கண்டிப்பாய் ஆசரித்து, காலையும் மாலையும் ஆராதனைக்குச் செல்லும் சீர்திருத்த சபையார் மிகுந்த வட்டாரம் இது.

இந்த ஆலைகள் மாவு அரைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. காற்று இறக்கைகளைச் சுழற்ற, அவை அடியிலுள்ள பெரிய இறைசக்கரத்தைச் சுழற்றும். வயல்நீர் ஒரு படி மேலே ஏறி, தேக்கக் கால்வாய் வழியாக ஆற்றைச் சேரும். இன்று அந்த வேலையை மின்சாரமும் டீசலும் செய்கின்றன. ஆயினும் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தீர்ந்தபோது இந்தப் பழைய இறக்கைகளே மீண்டும் சுழன்று நிலத்தைக் காத்தன.

நீர் ஏன் மேலே ஏற வேண்டும்? இங்கே வயல் கீழே, ஆறு மேலே! நாட்டின் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. முற்காலத்தில் இது சதுப்புநிலம். ஆயிரமாண்டுகளாக மட்கிய தாவரங்களால் ஆன மண். உழவுக்காக நீரை வடித்தார்கள். வடிந்த மண் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் நீர் தேங்க, இன்னும் ஆழமாக வடித்தார்கள். அது இன்னும் தாழ்ந்தது. இந்தத் தாழ்வு இன்றும் நிற்கவில்லை. ஆகையால் இறைப்பதும் ஒருநாளும் நிற்க முடியாது.

கரையின்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீடுகளின் கூரைகள். இடைக்காலத்தில் ஒவ்வொரு நில உடைமையாளனுக்கும் கரையில் ஒரு பங்கு குறித்துவைத்தார்கள். அதைப் பேண இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு, நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவனுக்கு நிலமும் உரியது, கரைக்கடமையும் உரியது. நெகேமியாவின் நாட்களில் அவனவன் தன் வீட்டுக்கு எதிரே அலங்கத்தைப் பழுதுபார்த்தது நினைவுக்கு வருகிறதல்லவா?

வெள்ளக்காலத்தில் இன்றும் தன்னார்வலர் கரைகளின்மேல் காவல் நடை நடக்கிறார்கள். கரையின் உட்புறம் நீர் ஊறுவதைக் கண்டால், தெளிந்த நீரா, மணலோடு வரும் நீரா என்று பார்ப்பார்கள். மணல் வந்தால் கரை அடியில் அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்போதும் துளையை அடைப்பதில்லை. அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயரவிட்டு, அதன் பாரத்தாலேயே ஊற்றை அடக்குகிறார்கள். விரல் வைப்பது இங்கே உதவாது.

கிண்டர்டைக்கிலிருந்து படகில் லெக் ஆற்றைக் கடந்து வடக்கே நடந்தால் பசுக்கள் மேயும் ஈரப் புல்வெளிகள் வரும். வசந்தகாலத்தில் இவ்வயல்களில் கருவால் மூக்கன் பறவை கூடுகட்டும். நம் நாட்டு நீர்நிலைகளுக்கும் குளிர்காலத்தில் வரும் இனம்தான் அது. 2015-ல் நெதர்லாந்து மக்கள் அதைத் தேசியப் பறவையாகத் தெரிந்தெடுத்தார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை புல் அறுக்காமல் பொறுத்திருக்கும் விவசாயிகளும் உண்டு.

புல்வெளிகளின் முடிவில் ஹாலந்து ஐசல் என்னும் ஆறு. அதன் அக்கரையில், நியூவெர்கெர்க் ஊரருகே நின்ற கரைதான் 1953 பிப்ரவரி 1, ஞாயிறு அதிகாலையில் இடிந்தது. வடமேற்குப் புயலும் பெருவேற்றமும் ஒன்றுசேர்ந்து கடலை ஆறுகளுக்குள் தள்ளிய இரவு அது. நெதர்லாந்தில் மாத்திரம் 1836 பேர் மாண்டார்கள். இந்தக் கரையும் முற்றிலும் போயிருந்தால், அதன் பின்னே தாழ்நிலத்தில் உறங்கிக்கொண்டிருந்த 30 லட்சம் பேர் வரை ஆபத்துக்குள்ளாகியிருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஊரின் மேயர், ஆரி எவக்ரூன் என்னும் படகோட்டியை அழைத்து, அவருடைய சரக்குப் படகைத் திறப்புக்குள் செலுத்தும்படி கட்டளையிட்டார். படகின் பெயர் ‘இரு சகோதரர்’. அதுவே அவருடைய பிழைப்பு. கோணம் சற்றே தவறினால் வெள்ளம் படகை உடைப்பின் வழியே உள்ளே அடித்துச் சென்றிருக்கும். அவருடைய உயிரும் போயிருக்கும். எவக்ரூன் படகைப் பக்கவாட்டில் திருப்பி ஓட்டினார். நீரின் வேகமே அதைக் கதவைப்போல் கரையோடு சேர்த்து அழுத்தியது. பின்பு மணல்மூட்டைகளால் இடுக்குகளை அடைத்தார்கள்.

திறப்பில் நிற்பது என்று நம் உபவாசக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லுகிறோம். எசேக்கியேல் அந்த வார்த்தையை எழுதியபோது கண்முன் கண்டது இடிந்த சுவரை. எவக்ரூன் கண்டது இடிந்த கரையை.

அவ்விடத்தில் 1983-ல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆற்றோரமாகத் தென்மேற்கே சென்றால் கிரிம்பன் ஊரில், 1958-ல் செயல்படத் தொடங்கிய புயல்தடுப்பு மதகு உயரமான கோபுரங்களுக்கிடையே தொங்குகிறது. கடல் பொங்கும் நாளில் அதன் எஃகுக் கதவுகள் இறங்குகின்றன. மற்ற நாட்களில் சரக்குப் படகுகள் அவற்றின் கீழே போய்வருகின்றன.