தாளம் தப்பாத ஒலிநாடா

டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்த இயந்திரப் பொறியாளர். போலராய்டு காமிராக் கம்பெனியில் வேலை. இரவில், சம்பளப் பணத்தில் வீட்டு நிலவறையில் அமைத்த கூடத்தில் ஒலிப்பதிவு. பாடுவதற்கும் டிரம் அடிப்பதற்கும் வேறு ஆட்கள்; கிதாரும் ஆர்கனும் பெரும்பாலும் அவரே. ஒவ்வொன்றும் ஒரே நாடாவில் தனித்தனித் தடம்.

முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டுதானே அடுத்ததை வாசிக்க வேண்டும்? இங்குதான் சிக்கல். பதியும் ஹெட்டுக்கு அப்பால் 3.8 செ.மீ. தள்ளிக் கேட்கும் ஹெட் இருப்பதாகக் கொள்வோம். நாடா வினாடிக்கு 38 செ.மீ. ஓடினால், புதிய இசை 0.1 வினாடி பிந்திப் பதியும். தாளம் கெட்டது!

ஆகவே பல தடக் கருவிகளில், பதியும் ஹெட்டே பழைய தடங்களைக் கேட்கவும் வைக்கும். தூரம் இல்லை, தாமதமும் இல்லை. ஒலி சற்று மங்கலாயிருக்கும், தாளத்துக்கு அது போதும்.

அவர் அனுப்பிய நாடாக்களைப் பல இசைத்தட்டுக் கம்பெனிகள் ஏற்கவில்லை. 1976-இல் வெளிவந்த 'பாஸ்டன்' இசைத்தட்டின் பெரும்பகுதி அந்த நிலவறையில் பதிந்ததே.