பிரஸ்டன் பார்பாவும் பென்சில்வேனிய ஜெர்மனும்

அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரிற் பெரும்பாலோர் ரைன் ஆற்றுப் பகுதியினர். பாலட்டினேட் நிலத்தார் அவருள் மிகுதி. பல ஊர்க் கிளைமொழிகள் கலந்து அங்கு உருவான பேச்சுமொழியே பென்சில்வேனிய ஜெர்மன் ஆகும். அதனைப் பேசுவோர் 'டைச்' என்பர். ஆங்கிலேயர் 'டச்சு' என்றனர். இதனால் இம்மக்களை ஹாலந்து நாட்டினர் என மயங்குவோர் இன்றும் உளர். பழைய ஆங்கிலத்தில் 'டச்சு' ஜெர்மானியரையும் சுட்டிய பொதுச்சொல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்மக்களின் வரலாற்றுக்குத் தம் வாழ்வின் பெரும்பகுதியை ஈந்தவர் பிரஸ்டன் ஆல்பர்ட் பார்பா (1883-1971). ஆலன்டவுன் நகர் மூலன்பெர்க் கல்லூரியில் அவர் ஜெர்மன் பேராசிரியராக விளங்கினார். ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் என்னும் லூத்தரன் போதகரின் பெயர் தாங்கியது அக்கல்லூரி. அப்போதகர் 1742இல் ஹாலே நகரிலிருந்து அனுப்பப்பட்டவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் ஹாலேயிற் பயின்றவரே. ஒரே நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்தில் தரங்கம்பாடியும் பென்சில்வேனியாவும் இடம்பெற்றன.

ஜெர்மானியப் புனைகதைகளில் அமெரிக்கக் குடியேற்றம் எவ்வாறு சித்திரிக்கப்பட்டது என்பது பார்பாவின் தொடக்கக்கால ஆய்வு (1914). பின்னர் அவர் நூலகத்திலிருந்து கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்றார். நடுகற்களிற் பொறித்த துலிப் மலர், இதயம், விண்மீன், தேவதை முகம் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்ந்த அவருடைய நூலுக்கு அவர்தம் துணைவியார் எலியனார் படங்கள் வரைந்தார். அக்கற்களின் வாசகம் பேச்சுமொழியில் இல்லை. தேவாலயத்தின் மொழி உயர் ஜெர்மன்; வீட்டின் மொழி டைச்; கடைவீதியின் மொழி ஆங்கிலம். இரட்டை வழக்கை அறிந்த தமிழருக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. மூன்றாவதாக ஆங்கிலம் புகுந்ததும் நமக்குப் புதிதன்று.

1935 முதல் 1969 வரை ஆலன்டவுன் நாளிதழ் ஒன்றில் பார்பா வாரந்தோறும் நடத்திய பகுதியே அவர் பணிகளுட் பெரிது. அதன் தலைப்பில் உள்ள 'எக்' என்னும் சொல்லுக்கு மூலை என்பது பொருள். கவிதை, கதை, நாட்டு வழக்கம், ஊர் வரலாறு, ஆராய்ச்சிக் கட்டுரை யாவும் அம்மூலையில் இடம்பெற்றன. 'சிதைந்த ஜெர்மன்' எனப் பழிக்கப்பட்ட பேச்சு, வாரம் ஒருமுறை அச்சில் மதிப்புடன் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அது நிற்கவில்லை.

அச்சில் ஏறியவுடன் எழுத்துமுறைச் சிக்கல் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டு நகைச்சுவை எழுத்தாளர் சிலர் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கையாண்டனர். டைச் பேசுவோர் பள்ளியிற் கற்றது ஆங்கிலமே ஆதலின் அது அவர்க்கு எளிது. பார்பாவோ ஆல்பர்ட் பஃபிங்டனுடன் இணைந்து வெளியிட்ட இலக்கணத்தில் (1954) ஜெர்மன் எழுத்துமுறையைத் தழுவினார். மொழியின் உறவு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே அம்முறையின் பயன். சுவையான செய்தி ஒன்றுண்டு: அவர் பகுதியின் தலைப்பில் 'பென்சில்ஃபானிஷ்' என்பதன் நெடில், 'ஏ', 'டபிள்யூ' என்னும் ஆங்கில முறை எழுத்துகளாலேயே எழுதப்பட்டிருந்தது.

தாம் வாழ்ந்த எம்மாவுஸ் ஊரின் வரலாற்றை அவர் 1959இல் நூலாக்கினார். மொரேவியச் சபையார் 1761இல் பெயரிட்ட சிற்றூர் அது. 'வேலி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் டைச்சில் 'ஃபென்ஸ்' எனப் பெண்பாலாக வழங்குவது போன்ற மொழிச் செய்திகளையும் ஊர் வரலாற்றையும் தனித்தனியே கருதாமை அத்தலைமுறை அறிஞரின் சிறப்பு எனலாம்.

பார்பா யாருக்காக எழுதினாரோ அந்த லூத்தரன், ரிஃபார்ம்டு சபையினர் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் தம் பிள்ளைகளுடன் டைச் பேசுவதைப் பெரும்பாலும் கைவிட்டனர். இன்று அதனைப் பேசும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோர் ஆமிஷ் பிரிவினர். பழைய மரபு மென்னோனைட்டினரும் அவருடன் அடங்குவர். அவர்கள் விழா நடத்தியோ இதழ் நடத்தியோ மொழியைக் காக்கவில்லை; பிள்ளைகளிடம் பேசினர். கடிதம் எழுத ஆங்கிலமும் வேதம் வாசிக்க லூத்தரின் ஜெர்மனும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. 1994இல் புதிய ஏற்பாடும் 2013இல் முழு விவிலியமும் டைச் மொழியில் வெளிவந்தபோது ஆங்கில எழுத்துக்கூட்டலே தெரிவு செய்யப்பட்டது. பார்பா முறையைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றவர்கள் அகராதித் தொகுப்பாளரும் ஆய்வாளருமே.